சட்டம் ஒன்று, உள்ளடக்கம் பல
பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள்: பிஎச்பி செயற்கூறுகள் பாடத்திற்கான துணைக் கட்டுரை

'செயற்கூறு என்றால் என்ன?' என்று கேட்டால் நம் மாணவர்கள் தயங்காமல் விடை சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும், மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய கட்டளைகளின் தொகுதி என்பார்கள். இரண்டு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதே மாணவர்களிடம் கணினி ஆய்வகத்தில் நான்கு பக்கங்கள் கொண்ட ஒரு சிறிய இணையதளத்தைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். முதல் பக்கத்தைச் சிரமப்பட்டு எழுதுவார்கள். பிறகு அதை அப்படியே நகலெடுத்து மூன்று முறை ஒட்டி, நடுவில் உள்ள செய்தியை மட்டும் மாற்றுவார்கள். பெட்டியின் நிறத்தை மாற்றுங்கள் என்றால் நான்கு கோப்புகளையும் திறப்பார்கள். அதில் ஒன்று விடுபட்டும் போகும்.

இதற்குக் காரணம் மாணவரின் சோம்பல் அன்று. அவர் கற்ற செயற்கூறுகள் எண்ணையோ சொல்லையோ வாங்கிக்கொள்பவை. இரண்டு எண்களைக் கொடுத்தால் கூட்டித் தரும். பெயரைக் கொடுத்தால் வணக்கம் சொல்லும். இணையப் பக்கத்தில் மாறுவதோ ஓர் எண்ணோ ஒரு சொல்லோ அன்று. ஒரு பக்கத்தில் பத்தி, இன்னொன்றில் அட்டவணை, மற்றொன்றில் படிவம் என்று பக்கத்தின் ஒரு பகுதியே மாறுகிறது. அந்தப் பகுதியைச் செயற்கூறுக்குள் அனுப்புவது எப்படி என்று தெரியாததால் நகலெடுக்கிறார்கள்.

பாடநூல் பயனர் வரையறுக்கும் செயற்கூறு, அளபுருக்கள் உள்ள செயற்கூறு ஆகியவற்றை அறிமுகம் செய்கிறது. அங்கிருந்து ஒரே ஒரு படி மேலே சென்றால் இந்தச் சிக்கல் தீரும். அளபுருவாக ஒரு மதிப்பை மட்டுமன்றி, ஒரு நிரல் தொகுதியையே அனுப்பலாம் என்பதே அந்தப் படி. இரண்டு பாடவேளையும் ஓர் ஆய்வக வகுப்பும் இருந்தால் இதை நடத்திவிடலாம்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்:
• இணையப் பக்கத்தில் மாறாத பகுதியையும் மாறும் பகுதியையும் பிரித்தறிவர்.
• நிரல் தொகுதியை அளபுருவாக ஏற்கும் செயற்கூறு ஒன்றை எழுதுவர்.
• எந்த வரி எப்போது இயங்கும், வெளியீடு எந்த வரிசையில் வரும் என்று தடம் பிடித்துச் சொல்வர்.
• பயனர் தரும் தகவலைப் பக்கத்தில் பாதுகாப்பாகக் காட்டுவர்.

தேவையான முன்னறிவு: பிஎச்பி மாறிகள், அணிகள், அளபுருவுள்ள செயற்கூறு, மடக்கு, அடிப்படை எச்டிஎம்எல் ஒட்டுகள்.

எடைமேடையிலிருந்து தொடங்குவோம்

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறை நிறுவனமான பெரம்பலூர் சர்க்கரை ஆலை இயங்குகிறது. சுற்றுவட்டார மாணவர்கள் பலர் கரும்பு ஏற்றிய வண்டிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

முதலில் கரும்போடு சேர்த்து வண்டி எடைமேடையில் ஏறும். அடுத்துக் கரும்பை இறக்குவார்கள். பிறகு வெறும் வண்டி மீண்டும் எடைமேடை ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசமே கரும்பின் எடை. அதை வைத்துத்தான் விவசாயிக்குச் சீட்டு.

இப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த மூன்று படிகளில் எது எல்லா வண்டிக்கும் ஒன்றே? எது வண்டிக்கு வண்டி மாறும்?' முதல் எடையும் கடைசி எடையும் எல்லாருக்கும் பொது. நடுவில் உள்ள இறக்கும் வேலை மட்டும் மாறும். லாரிக்கு ஒரு விதம், டிராக்டர் டிரெய்லருக்கு ஒரு விதம், மாட்டு வண்டிக்கு ஒரு விதம். எடைமேடை ஊழியருக்கு எப்படி இறக்குவது என்று தெரிய வேண்டியதில்லை. 'எடை போட்டாயிற்று, போய் இறக்கிவிட்டு வா' என்று சொல்லத் தெரிந்தால் போதும். இறக்குபவருக்கு எடைக்கணக்கு தெரிய வேண்டியதில்லை.

நாம் எழுதப்போகும் செயற்கூறும் இப்படித்தான். முன்னும் பின்னும் செய்ய வேண்டியது அதனிடம் இருக்கும். நடுவில் செய்ய வேண்டியதை அழைப்பவர் கொடுத்தனுப்புவார். கரும்பு விளையாத பகுதி ஆசிரியர்கள் நெல் கொள்முதல் நிலையத்தையோ, பருத்தி ஏலத்தையோ, ஊர்த் திருவிழாவையோ எடுத்துக்கொள்ளலாம். முன், நடு, பின் என்ற அமைப்பு மாணவர் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும்.

செயல்பாடு 1: நான்கு அட்டைகள்

'எங்கள் வட்டாரம்' என்ற தலைப்பில் ஓர் இணையதளம் செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு செய்தியும் கரையிட்ட ஒரு பெட்டிக்குள், மேலே வண்ணத் தலைப்புடன் அட்டை போலத் தோன்ற வேண்டும். அட்டைகள் நான்கு:

1. சாத்தனூர் கல்மரம்: படமும் ஒரு பத்தியும். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்த, 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்லாகிய மரம் பற்றிய செய்தி.
2. ரஞ்சன்குடி கோட்டை: பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல்.
3. எறையூர் ஆலைக்கு வந்த கரும்பு: வண்டி வாரியான அட்டவணை.
4. உங்கள் கருத்து: பெயரும் கருத்தும் எழுதும் படிவம்.

குழுக்களாகப் பிரித்து, நான்கையும் தாளில் வரையச் சொல்லுங்கள். வரைந்த பின், நான்கிலும் ஒன்றுபோல் இருப்பவற்றைச் சிவப்பிலும் மாறுபவற்றை நீலத்திலும் வட்டமிடச் சொல்லுங்கள். கரை, தலைப்புப் பட்டை, மூடும் கோடு ஆகியவை சிவப்பு. தலைப்பின் எழுத்துகளும் உள்ளே இருப்பவையும் நீலம். நீலத்தில் இரண்டு வகை இருப்பதை மாணவர்களே கவனிக்கட்டும். தலைப்பு ஒரு சரம்; உள்ளே இருப்பது பக்கத்தின் ஒரு பகுதி.

உள்ளே இருப்பதையும் ஒரு சரமாக அனுப்பினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி, செய்து பார்க்கச் சொல்லுங்கள். கல்மரத்திற்கு அது எளிதாக முடியும். அட்டவணைக்கு வரும்போது, மடக்கை ஓட்டி, ஒவ்வொரு வரிசையையும் ஒரு நீண்ட சரத்தோடு சேர்த்துச் சேர்த்து, மேற்கோள் குறிகளைச் சமாளித்து எழுத வேண்டியிருக்கும். படிவத்திற்கு வந்தால் மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறி சிக்கிப் பிழைச் செய்தி வரும். இந்தத் தொல்லையை மாணவர் பட்ட பிறகு அடுத்த படியைக் காட்டினால் அதன் பயன் தானே விளங்கும்.

தொகுதியை அனுப்புதல்

கீழே உள்ள நிரலைத் தமிழ்ச் சொற்களில் வரைவாகக் கொடுத்திருக்கிறேன். தமிழிலேயே நிரல் எழுதுவது புதிதன்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியின் கட்டளைகள் தமிழில் அமைந்தவை. நம் பாடத்தில் உள்ள பிஎச்பியிலும் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்கள் மட்டுமே ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். முதலில் வரைவைத் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு ஆய்வகத்தில் பிஎச்பிக்கு மாற்றுவது தமிழ்வழி மாணவர்களுக்கு மிகவும் உதவும்.

செயற்கூறு அட்டை(தலைப்பு, தொகுதி)
  1. எழுது பெட்டித்_தொடக்கம்
  2. எழுது தலைப்பு
  3. தொகுதி()
  4. எழுது பெட்டி_முடிவு
முடி

அழைக்கும் விதம்:

அட்டை("சாத்தனூர் கல்மரம்", செயற்கூறு()
  எழுது படம்
  எழுது பத்தி
முடி)

வரைவில் 'எழுது' என்பது பிஎச்பியின் எக்கோ. 'செயற்கூறு' என்பது ஃபங்ஷன். 'பெட்டித்_தொடக்கம்' என்பது டிவ் தொடக்க ஒட்டு. 'பெட்டி_முடிவு' அதன் முடிவு ஒட்டு. வரிசை எண்கள் தடம் பிடிப்பதற்காக இட்டவை. கணினியில் தட்டச்சு செய்ய வேண்டாம். மாறிகளுக்கு முன் டாலர் குறியும் வரி முடிவில் அரைப்புள்ளியும் முடி என்பதற்குப் பதில் நெளிவு அடைப்புக்குறியும் இட வேண்டும் என்பதை மாணவர்கள் அறிவார்கள்.

அழைக்கும்போது இரண்டாவதாக அனுப்பப்படும் செயற்கூறுக்குப் பெயர் இல்லை. ஒரே ஓர் இடத்தில் பயன்படுவதற்குப் பெயர் எதற்கு? இதைப் பெயரிலாச் செயற்கூறு என்பர். பிஎச்பியில் 2009-இல் வெளிவந்த 5.3 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளது. நம் ஆய்வகங்களில் உள்ள எந்தப் பதிப்பிலும் இது இயங்கும்.

இன்னொரு வசதியையும் காட்டுங்கள். பெயரிலாச் செயற்கூறின் உடலுக்குள்ளேயே பிஎச்பி ஒட்டை மூடிவிட்டு, எச்டிஎம்எல் ஒட்டுகளை மேற்கோள் குறியின்றி நேரடியாக எழுதிவிட்டு, மீண்டும் பிஎச்பி ஒட்டைத் திறக்கலாம். படிவத்தில் வந்த மேற்கோள் குறித் தொல்லை இதனால் அடியோடு நீங்கும். நான்கு அட்டைகளுக்கும் பெட்டி ஒரே இடத்தில் இருக்கிறது. நிறத்தை மாற்ற ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

செயல்பாடு 2: யார் முதலில் எழுதுவது?

இந்தப் பாடத்தில் மாணவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தொகுதியை அனுப்பும்போதே அது இயங்கிவிடும் என்று நினைப்பார்கள். அது அனுப்பும்போது இயங்காது. செயற்கூறின் 3-ஆம் வரி வரும்போதுதான் இயங்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட நடித்துக் காட்டுவது எளிது.

இரண்டு மாணவர்களை அழையுங்கள். ஒருவர் 'அட்டை', மற்றவர் 'தொகுதி'. கரும்பலகைதான் இணையப் பக்கம். சுண்ணக்கட்டி ஒன்றே ஒன்று. அட்டை முதலில் பெட்டியின் மேல் கோட்டை வரைவார்; தலைப்பை எழுதுவார். பிறகு சுண்ணக்கட்டியைத் தொகுதியிடம் கொடுப்பார். தொகுதி தன் கையில் உள்ள தாளில் இருப்பதை எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைத் திருப்பிக் கொடுப்பார். அட்டை கீழ்க்கோட்டை வரைவார். சுண்ணக்கட்டி கைக்கு வரும்வரை தொகுதி காத்திருக்க வேண்டும் என்பதே விதி.

அடுத்து, அடைப்புக்குறி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைக் கேளுங்கள். 'தொகுதி' என்று மட்டும் எழுதினால் அது தாளைக் கையில் கொடுப்பது. 'தொகுதி()' என்று எழுதினால் 'இப்போது எழுது' என்று ஏவுவது. அழைக்கும் வரியில் தவறுதலாக அடைப்புக்குறி இட்டுவிட்டால் தொகுதி அப்போதே எழுதிவிடும். அட்டையின் கைக்கு வெறுமை மட்டுமே வந்து சேரும்.

வாளியில் பிடித்துத் தருதல்

மேலே கண்ட அட்டை நேரடியாகப் பக்கத்தில் எழுதிவிடுகிறது. சில நேரங்களில் அப்படி எழுதாமல், முழு அட்டையையும் ஒரு சரமாகத் திருப்பித் தர வேண்டியிருக்கும். உள்ளே ஒன்றுமில்லை என்றால் 'தகவல் இல்லை' என்று காட்ட விரும்பலாம். அட்டையைக் கோப்பில் சேமிக்கவோ மின்னஞ்சலில் அனுப்பவோ விரும்பலாம். அப்போது மாணவர்கள் இப்படி எழுதுவார்கள்:

செயற்கூறு அட்டை(தலைப்பு, தொகுதி)
  திருப்பு பெட்டித்_தொடக்கம் + தலைப்பு + தொகுதி() + பெட்டி_முடிவு
முடி

எழுது அட்டை("ரஞ்சன்குடி கோட்டை", ...)

பார்வைக்குச் சரியாகத் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் பக்கத்தைத் திறந்தால் பட்டியல் பெட்டிக்கு மேலே தனியாக நிற்கும். பெட்டி தலைப்போடு காலியாக இருக்கும். 'நிரல் சரி சார், பக்கம்தான் தப்பு' என்பார்கள். உடனே விடை சொல்லாதீர்கள். இதே இரண்டு மாணவர்களை வைத்து மறுபடி நடிக்கச் சொல்லுங்கள்.

இம்முறை அட்டையிடம் சுண்ணக்கட்டி இல்லை. ஒரு தாளில் குறித்து வைத்துக் கடைசியில் தர வேண்டும். தொகுதியிடமோ சுண்ணக்கட்டி இருக்கிறது. அட்டை தாளில் குறித்துக்கொண்டிருக்கும்போதே தொகுதி நேராகப் பலகையில் எழுதிவிடுகிறார். அட்டையிடம் 'இந்தா' என்று கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. அட்டை தாளைத் தந்து அது பலகையில் ஏறும்போது, உள்ளடக்கம் ஏற்கெனவே மேலே எழுதப்பட்டுவிட்டது.

எழுதுவதும் திருப்பித் தருவதும் வேறு வேறு வேலைகள் என்பது இங்கே பளிச்சென்று விளங்கும். எக்கோ, ரிட்டர்ன் இரண்டுக்கும் வேறுபாடு கேட்டால் மனப்பாடமாகச் சொல்லும் மாணவர் பலர் உண்மையில் அதை உணர்வது இந்தக் காலிப் பெட்டியைப் பார்க்கும்போதுதான்.

தீர்வு என்ன? கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தை நினைவூட்டுங்கள். சாறு வழியும் இடத்தில் பாத்திரம் வைக்காவிட்டால் அது தரையில் ஓடும். பாத்திரம் வைத்துப் பிடித்தால் நாம் விரும்பும் குவளையில் ஊற்றலாம். பிஎச்பியில் அந்தப் பாத்திரத்துக்கு வெளியீட்டு இடையகம் என்று பெயர். ஓபி_ஸ்டார்ட் என்ற செயற்கூறு பாத்திரத்தை வைக்கும். அதன் பிறகு எழுதப்படும் எதுவும் பக்கத்துக்குப் போகாமல் அதில் சேரும். ஓபி_கெட்_கிளீன் என்பது சேர்ந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தை அப்புறப்படுத்தும்.

செயற்கூறு அட்டை(தலைப்பு, தொகுதி)
  1. பாத்திரம்_வை()
  2. தொகுதி()
  3. உள்ளே = பாத்திரத்தை_எடு()
  4. உள்ளே வெறுமை ஆனால் உள்ளே = "தகவல் இல்லை"
  5. திருப்பு பெட்டித்_தொடக்கம் + தலைப்பு + உள்ளே + பெட்டி_முடிவு
முடி

இப்போது தொகுதி தன் போக்கில் எழுதுகிறது. அட்டை அதைப் பிடித்து உரிய இடத்தில் வைக்கிறது. வைத்த பாத்திரத்தை எடுக்க மறந்தால் சரமாகத் திரும்ப வேண்டியது கிடைக்காது. அடுத்து வருவதும் அதிலேயே சேரும். வைத்தவரே எடுக்க வேண்டும் என்பதை விதியாகச் சொல்லிக்கொடுங்கள். அட்டைக்குள் அட்டை வைத்தாலும் இந்த நிரல் இயங்கும். உள் பாத்திரம் நிறைந்து வெளிப் பாத்திரத்தில் சேரும். மெல்லக் கற்போருக்கு முதல் வடிவம் போதும். ஆர்வமுள்ளோருக்கு இதைக் கொடுங்கள்.

தொகுதிக்கு மதிப்பு கொடுத்தல்

மூன்றாம் அட்டையில் கரும்பு அட்டவணை உள்ளது. பயிற்சிக்காக மூன்று வண்டிகளின் எடையை எடுத்துக்கொள்வோம் (டன்னில்):

லாரி: கரும்போடு 24.600, வெறும் வண்டி 8.200
டிராக்டர்: கரும்போடு 15.300, வெறும் வண்டி 4.900
மாட்டு வண்டி: கரும்போடு 4.250, வெறும் வண்டி 0.750

ஒவ்வொரு வண்டிக்கும் அட்டவணையில் ஒரு வரிசை வேண்டும். வரிசையைத் தொடங்குவதும் முடிப்பதும் பொது. அதற்குள் எந்தெந்தக் கட்டங்கள் என்பது மாறும்.

செயற்கூறு வரிசைகள்(அணி, தொகுதி)
  அணியில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும்
    எழுது வரிசைத்_தொடக்கம்
    தொகுதி(உறுப்பு)
    எழுது வரிசை_முடிவு
முடி

வரிசைகள்(வண்டிகள், செயற்கூறு(வண்டி)
  எழுது கட்டம்: வண்டியின் வகை
  எழுது கட்டம்: மொத்த எடை - வெறும் எடை
முடி)

முன்பு அட்டை தொகுதியை ஏவியது. இங்கே வரிசைகள் ஏவுவதோடு, கையில் ஒரு வண்டியையும் கொடுக்கிறது. தொகுதி எத்தனை முறை இயங்கும்? அணியில் எத்தனை உறுப்புகளோ அத்தனை முறை. வெளியீட்டில் 16.400, 10.400, 3.500 என்று வர வேண்டும். கணினியை இயக்கும் முன் மாணவர்கள் கையால் கணக்கிட்டுச் சரிபார்க்கட்டும்.

மொத்தம் 30.300 டன் என்று கீழே காட்டச் சொன்னால் அடுத்த பாடமும் வந்துவிடும். மாணவர்கள் வெளியே 'மொத்தம்' என்ற மாறியைச் சுழியமாக வைத்து, தொகுதிக்குள் கூட்டுவார்கள். பிஎச்பியில் பெயரிலாச் செயற்கூறு வெளியே உள்ள மாறியைத் தானாகப் பார்க்காது. 'யூஸ்' என்ற சொல்லை இட்டு, எந்த மாறி வேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் உள்ளே வருவது அந்த மாறியின் நகல்தான். அதனால் வெளியே மொத்தம் சுழியமாகவே நிற்கும். மாறியின் பெயருக்கு முன் உம்மைக் குறி இட்டால்தான் மூல மாறியே உள்ளே வரும். மாறியின் வரையெல்லை என்ற கருத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மூன்று விதமாகவும் இயக்கி, மூன்று விடைகளையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

யார் எழுதியதை நம்பலாம்?

நான்காவது அட்டை கருத்துப் படிவம். அதில் வருபவர் எழுதியதை அடுத்த பக்கத்தில் காட்டுவோம். பெயருக்குரிய கட்டத்தில் ஒருவர் தன் பெயருக்குப் பதிலாக ஓர் எச்டிஎம்எல் ஒட்டை எழுதினால் என்ன ஆகும்? பக்கத்தின் அமைப்பே குலையும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதினால், அந்தப் பக்கத்தைத் திறக்கும் எல்லாருடைய உலாவியிலும் அது இயங்கும். பிறரின் கணக்குத் தகவல்களைத் திருட இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

இதைத் தடுக்க பிஎச்பியில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற முன்வரையறுக்கப்பட்ட செயற்கூறு உள்ளது. கோண அடைப்பு, மேற்கோள் போன்ற குறிகளை வெறும் எழுத்தாகவே திரையில் தெரியும்படி அது மாற்றித் தரும். ஆனால் அதை எங்கே பயன்படுத்துவது என்பதில் கவனம் வேண்டும்.

தலைப்பு ஒரு வெறும் சரம். எனவே அட்டை செயற்கூறே அதைப் பாதுகாப்பாக்கிவிடலாம். அழைப்பவர் மறந்தாலும் கவலை இல்லை. தொகுதி எழுதும் உள்ளடக்கத்தை அப்படிச் செய்ய முடியாது. அதில் நாமே வேண்டி எழுதிய பத்தி, அட்டவணை ஒட்டுகள் உள்ளன. மொத்தத்தையும் மாற்றினால் அட்டவணைக்குப் பதில் ஒட்டுகளே திரையில் தெரியும். எனவே தொகுதிக்குள், பயனர் தந்த தகவலை எழுதும் அந்த இடத்திலேயே பாதுகாப்பாக்க வேண்டும். சரத்திற்கு அட்டை பொறுப்பு. தொகுதிக்கு அதை எழுதியவர் பொறுப்பு.

இதை ஆய்வகத்தில் செய்து காட்டும்போது தீங்கற்ற ஒட்டையே பயன்படுத்துங்கள். எழுத்தைத் தடிமனாக்கும் ஒட்டு போதும். பாதுகாப்பு இல்லாத பக்கத்தில் பெயர் தடித்துத் தெரியும். உள்ள பக்கத்தில் ஒட்டு அப்படியே எழுத்தாகத் தெரியும். வேறொருவர் இணையதளத்தில் இதைச் சோதித்துப் பார்ப்பது தவறு. சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

உலக அளவில் இதே கருத்து

இது வகுப்பறைக்காக உருவாக்கிய பயிற்சி மட்டும் அன்று. ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995-இல் வெளியிட்ட ரூபி மொழியில், எந்தச் செயற்கூறை அழைத்தாலும் அதனுடன் ஒரு தொகுதியைச் சேர்த்தனுப்பலாம். 'யீல்டு' என்று எழுதினால் அந்தத் தொகுதி இயங்கும். இந்த மொழியைக் கொண்டு டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004-இல் வெளியிட்ட ரெயில்ஸ் என்ற இணையச் சட்டகத்தில், பக்கத்தை அமைக்க உதவும் செயற்கூறுகள் பல தொகுதியை ஏற்பவையே. படிவம் அமைக்கும் செயற்கூறு படிவத்தின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துக்கொள்ளும். உள்ளே என்னென்ன கட்டங்கள் என்று தொகுதியில் நாம் சொல்வோம். பாத்திரத்தில் பிடிக்கும் வேலைக்கு அங்கே 'கேப்ச்சர்' என்று பெயர்.

நாம் வகுப்பில் கண்ட இரண்டு வடிவங்களும் ரெயில்ஸின் வரலாற்றிலும் உண்டு. தொடக்கப் பதிப்புகளில் படிவச் செயற்கூறு தானே பக்கத்தில் எழுதியது. 2010-இல் வந்த ரெயில்ஸ் 3 முதல் அது சரமாகத் திருப்பித் தருகிறது. பக்கம் அதை எழுதுகிறது. பக்கத்தில் எழுதப்படும் சரங்களை இயல்பாகவே பாதுகாப்பாக்கும் முறையும் அதே பதிப்பில் வந்தது. பிஎச்பியில் எழுதப்பட்ட லாராவெல் சட்டகத்தில் இதை 'ஸ்லாட்' என்பார்கள்; ஜாவாஸ்கிரிப்டின் ரியாக்ட் நூலகத்தில் 'சில்ரன்' என்பார்கள். பெயர்கள் வேறானாலும் கருத்து ஒன்றே. பள்ளியில் அட்டையை எழுதிப் பழகிய மாணவர், கல்லூரியிலோ வேலையிலோ இவற்றைச் சந்திக்கும்போது மிரள மாட்டார்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வுக்கான வினாக்கள் போலன்றி, இயக்கும் முன் ஊகிக்கச் சொல்லும் வினாக்கள் இப்பாடத்திற்குப் பொருந்தும்.

1. அட்டை செயற்கூறின் முதல் வடிவத்தில் 3-ஆம் வரியை நீக்கினால் பக்கத்தில் என்ன தெரியும்? பிழைச் செய்தி வருமா?
2. அதே வரியை இரண்டு முறை எழுதினால் என்ன தெரியும்?
3. வாளி வடிவத்தில் 1-ஆம் வரியையும் 2-ஆம் வரியையும் இடம் மாற்றினால் உள்ளடக்கம் எங்கே தோன்றும்?
4. வரிசைகள் செயற்கூறுக்கு வெற்று அணியை அனுப்பினால் தொகுதி எத்தனை முறை இயங்கும்?
5. ஒரு விழா அழைப்பிதழ்ப் பக்கத்துக்கு மாறாதவை எவை, மாறுபவை எவை? மாறுபவற்றில் சரமாக அனுப்ப வேண்டியது எது, தொகுதியாக அனுப்ப வேண்டியது எது?

கணினிகள் போதாத பள்ளிகளில் இந்த ஐந்து வினாக்களையும் தாளிலேயே நடத்தலாம். சுண்ணக்கட்டி நடிப்பும் தாளில் வட்டமிடும் செயல்பாடும் மின்சாரம் இல்லாத நாளிலும் நடக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாச் செயற்கூறும் தொகுதியை ஏற்க வேண்டும் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. இரண்டு எண்களைக் கூட்டுவதற்குத் தொகுதி தேவையில்லை. ஒரு சரம் போதுமான இடத்தில் சரத்தையே அனுப்பட்டும். முன்னும் பின்னும் ஒன்றாக இருந்து, நடு மட்டும் மாறும் இடத்தில்தான் இதற்கு வேலை. அந்த இடத்தை அடையாளம் காண்பதுதான் அவர்கள் கற்க வேண்டிய திறன். செய்முறைப் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதிய நிரல்களை எடுத்து, எந்த வரிகள் இரண்டு முறை வந்திருக்கின்றன என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். அடுத்த ஆய்வக வகுப்பை அங்கிருந்து தொடங்கலாம்.